பொங்கிய ஜாடி போகாது

எழுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் படிப்பதானால் படிக்கட்டும், குறுக்கே பேசாமல் இருந்தால் சரி. நமக்கெல்லாம் சர்க்கரை வந்துவிட்டது என்று இனிப்பை எடுத்து எட்டாத தட்டில் வைத்துவிட்டார்கள். பல்லும் பாதி போய்விட்டது. நாக்கு மட்டும் வெட்கமில்லாமல் அப்படியே இருக்கிறது.

போன வருஷம் ஆனி மாதம் என் மருமகள் கடைவீதியிலிருந்து பலாச்சுளை வாங்கிவந்தாள். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பன்னிரண்டு சுளை, கொட்டையை எடுத்துவிட்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் வாசம் வீடெல்லாம் பரவியது. "உங்களுக்கு ரெண்டே ரெண்டுதாங்க அத்தை" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு நாளும் ஒன்றும் தோன்றியதில்லை. அன்றைக்கு அந்த வாசமும் அந்தச் சொல்லும் ஒன்றாக வந்துவிட்டன. சுளையை வைத்துவிட்டு எழுந்துபோனேன். கிழவி சர்க்கரைக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள்.

எனக்கு ஒரு அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை.

கொல்லிமலைமேல், திண்ணனூர் நாட்டில் எங்கள் வீடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எனக்கு ஒன்பது வயது. பஸ் மேலே வராத காலம். ரோடு போட அளக்கிறோம் என்று இரண்டு பேர் இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். மலையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நாங்கள் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினோம். உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும்தான் அடிவாரத்துக்கு இறங்குவார்கள். மற்றதெல்லாம் மேலேயே விளைந்தது. சாமை, மரவள்ளி, மொச்சை, மிளகு. ஆனி பிறந்துவிட்டால் பலா. ஆனியிலும் ஆடியிலும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருந்ததில்லை.

இரண்டு பலாமரம் இருந்தது. மேட்டு மரம் வருக்கை. சுளை கெட்டியாக இருக்கும், கடித்தால் பல்லுக்கு வேலை கொடுக்கும். ஓடைக்கரை மரம் கூழன். அது பழுத்தால் கத்தி வேண்டாம், கையாலேயே பிளந்துவிடலாம். சுளை வழவழவென்று, மெல்லுவதற்கு முன்பே தொண்டைக்குள் இறங்கிவிடும். பிள்ளைகளுக்குக் கூழன் என்றால் உயிர். முழங்கை வரைக்கும் சாறு வழிய வழியத் தின்போம். அத்தைக்கு அது ஆகவே ஆகாது. வாயில் வைத்தால் குமட்டுகிறது என்று தள்ளிவிடுவாள். நாங்கள் வேண்டுமென்றே கூழன் சுளையை அவள் மூக்குக்கு நேரே கொண்டுபோவோம். முறத்தை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். பைல் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாசி மாதம் ஒரு நாள் காலையில் துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அத்தைக்குக் கோபம் என்பதே வராது. அதற்கு முன்னும் இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அப்பா கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை அவள் இடது முன்கையில் நீளமாக ஒரு சூட்டுப் புண். வெல்லப்பாகு தெறித்துவிட்டது என்றாள். அம்மா மருந்து அரைத்துப் பூசினாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஓடை மேட்டில் ஏறுகிறவள் அவள். பாகு மட்டும் அவள் கையில் எப்படித் தெறித்ததாம்? அவ்வளவு பெரியவர்கள் இருந்த வீட்டில் இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அவள் வந்ததில் எனக்கு மட்டும் கொண்டாட்டம். அம்மா சமைத்தால் பசி அடங்கும், அவ்வளவுதான். அத்தை சமைத்தால் பசி எடுக்கும். பலாப்பிஞ்சைக் கொத்தி, மிளகும் தேங்காயும் அரைத்துப் போட்டு அவள் வதக்குகிற வாசத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். பலாக்கொட்டையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து மூலையில் கொட்டிவைப்பாள். ஐப்பசி மழையில் ஒன்றும் கிடைக்காதபோது அதைக் கழுவி, சுட்டு, தோலை ஊதிக் கையில் கொடுப்பாள். அன்னாசியை வெல்லத்தோடு போட்டுக் கிளறிக் கிளறிக் கல்மாதிரி ஆக்கி இலையில் மடித்து வைப்பாள். அதில் ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்வரை கரையாது. வாத்தியார் என் கன்னம் வீங்கியிருக்கிறது என்று ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சமைக்கும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள், பாட்டென்றும் சொல்ல முடியாது. பைல் நாட்டிலிருந்து யாராவது வந்தால் மட்டும் அந்த முனகல் நின்றுவிடும்.

ஆனிக் கடைசியில் அவள் மாமனார் வந்தார். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் இருந்தது. மலையில் எல்லோருக்கும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு வந்த பெண் வெறுங்கையோடு திரும்பிப் போகக்கூடாது. பிறந்த வீட்டில் தன் கையால் பலாச்சுளையைத் தேனில் போட்டு ஜாடியை மூடவேண்டும். மூன்று அமாவாசை கழித்துப் புருஷன் வீட்டார் வருவார்கள். எல்லார் முன்னாலும் ஜாடியைத் திறந்து, ஆளுக்கொரு சுளை தின்றுவிட்டால் பழைய சண்டை தீர்ந்தது. ஜாடியோடு பெண்ணும் போய்விடுவாள். சுளை கெட்டு நுரைத்திருந்தால் போகக்கூடாது. 'பொங்கிய ஜாடி போகாது' என்பார்கள். அடுத்த பழத்துக்கு மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும்.

மாமனார் அப்படியே செய்துவிடலாம் என்றார். அப்பா உள்ளே திரும்பி, "போறயா அம்மிணி?" என்று கேட்டார்.

"அண்ணன் சொன்னாச் சரிங்க" என்றாள் அத்தை.

அப்பா சந்தோஷமாக வெற்றிலையை எடுத்தார். அப்பா கெட்டவரில்லை. தங்கை சம்மதித்துவிட்டாள் என்றுதான் நம்பினார். அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு பெண் வேறு என்ன சொல்ல முடியும் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஐப்பசி அமாவாசையோடு அத்தை போய்விடுவாள்.

அந்த ஜாடி எப்படியிருக்கும் என்று இப்போதும் வரைந்து காட்டுவேன். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அப்பா அடிவாரத்துச் சந்தையிலிருந்து வைக்கோல் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது. ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு மேட்டு மரத்து வருக்கையை அறுத்தார்கள். அத்தை கையில் கடலை எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தாள். முறத்தில் பரப்பி ஒரு பகல் முழுக்க வெயிலில் வாட்டினாள். ஈ விரட்ட நான் வேப்பங்கொத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஏன் வாட்டவேண்டும் என்று கேட்டேன். தண்ணிதான் எமன், ஈரம் துளி இருந்தாலும் தேன் பொங்கிவிடும், ஈரக்கையைக்கூட உள்ளே விடக்கூடாது என்றாள். நான் அதை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜாடியை நிரப்பினாள். ஒரு அடுக்குச் சுளை, அதன்மேல் மலைத்தேன், மறுபடி ஒரு அடுக்கு. அம்மா மொச்சைக்காட்டுக்குப் போயிருந்தாள். பாதியில் அத்தை என்னைக் கூப்பிட்டு, பின்னால் பிள்ளைகள் பிளந்து வைத்திருக்கிற பழத்தில் நாலு சுளை எடுத்துவரச் சொன்னாள். ஓடைக்கரை மரத்துப் பழம். இலையில் நாலு சுளை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைக் கோழி விரட்ட அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது இலை காலியாக இருந்தது. அத்தை கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு துணியைக் கட்டி, தேன்மெழுகை உருக்கி, சுற்றிலும் பூசிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

ஆவணி போயிற்று. வீட்டில் அத்தையைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். பரணைப் பார்த்துப் பார்த்து அவள் கழுத்து நீண்டுவிட்டது, புருஷன் வீட்டுக்கு அப்படி ஏங்குகிறாள் என்று அம்மா சொல்வாள். உண்மைதான், அத்தை அடிக்கடி பரணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் போக ஏங்குகிறாள் என்று நானும் நம்பினேன். நம்பினபிறகும் செய்தேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். எல்லோரும் சாமைக்காட்டில் இருந்தார்கள். நான் குடத்துத் தண்ணீரில் வலது கையை முழங்கைவரை முக்கினேன். ஏணியில் ஏறினேன். மெழுகை ஒரு பக்கம் நகத்தால் நெம்பி, துணியை விலக்கி, சொட்டச் சொட்டக் கையை உள்ளே விட்டேன். குளிர்ந்து, கெட்டியாக, கையை உள்ளே இழுப்பதுபோல் இருந்தது தேன். ஒரு சுளைகூட எடுக்கவில்லை. விரலைக்கூட நக்கவில்லை. நக்கினால் திருட்டாகிவிடும், இது திருட்டில்லை என்று நினைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மெழுகை அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினேன். அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல். அத்தைதான் கஞ்சி வைத்து ஊட்டினாள்.

ஐப்பசி அமாவாசையன்று காலையிலிருந்து தூறல். மாமனாரும், அத்தை புருஷன் அந்த மாமாவும், இன்னும் இரண்டு பேரும் நனைந்துகொண்டு வந்தார்கள். அத்தை புதுச்சேலை கட்டியிருந்தாள். மூட்டை கட்டித் தயாராக மூலையில் இருந்தது. அப்பா ஜாடியை இறக்கி நடுவில் வைத்தார். அத்தை மெழுகை உடைத்தாள். துணியை எடுத்ததும் புளித்த வாடை குப்பென்று வந்தது. நுரை விளிம்பில் ஏறி, அந்தப் பெயர்ந்த சில்லு வழியாக வழிந்தது.

மாமனார்தான் முதலில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்பா, "பொங்குன ஜாடி போவாதுங்க. அடுத்த ஆடிக்குப் பாப்போமுங்க" என்றார்.

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். அம்மா முதுகைத் தடவி, அழாதே, ஒரு வருஷம் ஓடிப்போகும் என்றாள். என் வயிற்றுக்குள் கல் விழுந்தது. அத்தையை நான்தான் அழவைத்தேன். அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன். ஒன்பது வயதில் விழுந்த கல், அப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

அடுத்த ஆடிவரை அவர்கள் காத்திருக்கவில்லை. தை மாதமே மாமாவுக்கு வேறு பெண் கட்டிவைத்துவிட்டார்கள். அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத் திருப்புலி நாட்டிலிருந்து, மனைவியை இழந்த ஒரு மிளகுக் காட்டுக்காரர் கேட்டு வந்தார். எங்கள் மலையில் அதற்கெல்லாம் தடையில்லை. அந்தத் தடவை அத்தை அண்ணனைப் பார்க்கவில்லை. அவளே முன்னால் வந்து சரி என்றாள். போகும்போது அந்த ஜாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஒரு மகள் பிறந்தாள். எனக்கும் கல்யாணமாகி அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். ரோடு வந்தது, லாரி வந்தது, பஸ் வந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் யார் கையிலாவது ஒரு சின்னக் கலயத்தில் தேன்பலா கொடுத்தனுப்புவாள். எனக்கென்றே, வருஷம் தவறாமல். நான் திறந்ததே இல்லை. கடை வைத்திருந்த பக்கத்து வீட்டு பாய் வீட்டுக்கு அப்படியே கொடுத்துவிடுவேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். உங்க அத்தை மறுபடி எப்போது அனுப்புவார்கள் என்று என்னிடமே கேட்பார்கள். அவளைப் போய்ப் பார்ப்பதையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். கல்யாணம், கருமாதி என்று எங்காவது பார்த்தால், "ஏன் கண்ணு ஊட்டுக்கே வரமாட்டேங்கற?" என்பாள். வாரேன் அத்தை, வாரேன் அத்தை என்பேன். போகமாட்டேன். எந்த முகத்தோடு அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது?

மருமகள் டப்பாவைத் திறந்த அன்றைக்கு, இந்த வருஷமாவது போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். ஆடியில் முட்டி வலி. ஆவணியில் பேரனுக்குப் பரீட்சை. புரட்டாசியில் போன் வந்துவிட்டது.

காரியத்துக்குத்தான் போனேன். அத்தை வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. வாசலுக்கு நேரே பெரிய பலாமரம் ஒன்று வேர்வரை காய்த்திருந்த தழும்போடு நின்றது. எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்தபிறகு அத்தை மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமன் மகள், வயதில் மூத்தவள் என்பதால் என்னை நங்கை என்பாள். பேச ஒன்றுமில்லாமல் மரம் நல்ல ஜாதியா என்று கேட்டேன்.

"கூழனுங்க நங்கை. யாராச்சும் வாசல்ல கூழனை வெப்பாங்களா? அம்மா அதத் தொடவும் மாட்டாங்க. உங்க ஊட்டு ஓடைக்கரை மரத்துக் கொட்டைன்னு சொல்லுவாங்க. நாலே நாலு சுளை என்னையக் காப்பாத்துச்சு, அந்த நன்றிக்குத்தான் வெச்சிருக்கேன்னு சிரிப்பாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கினதில்ல. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

நாலு சுளை. இலையில் வைத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலை காலியாக இருந்தது. கூழனை வாயில் வைத்தால் குமட்டுகிறவள் அதைத் தின்றிருக்கமாட்டாள் என்று அறுபது வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தண்ணிதான் எமன் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். நீர் சொட்டுகிற கூழனை, நாலு சுளை, தேனுக்குள் அவளே புதைத்திருக்கிறாள். அண்ணனிடம் போகமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஜாடியைச் சொல்லவைத்திருக்கிறாள். பரணைப் பார்த்துப் பார்த்து ஏங்கியது அது பொங்கவேண்டுமே என்றுதான். முந்தானைக்குள் குலுங்கியது அழுகையா சிரிப்பா என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

பாவி, நானும் அதற்குத்தானே கையை விட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே ஜாடிக்கு, ஒரே ஆசையோடு, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி. சொல்லியிருந்தால் முறத்தால் அடித்திருப்பாள், கட்டிக்கொண்டிருப்பாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். வருஷா வருஷம் இந்த வீட்டுக்கு உரிமையாக வந்து, உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றிருப்பேன். எல்லாவற்றையும் நானே விட்டேன்.

அத்தை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, விளிம்பில் நகம் அளவு சில்லு.

"இந்த ஆடியில அம்மா போட்டதுங்க. கலயம் வேண்டாம், இந்தத் தடவை ஜாடியோடவே குடுத்தனுப்பறேன், அப்பவாச்சும் ஜாடியைத் திருப்பிக் குடுக்க வருவாள்னாங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஐப்பசி அமாவாசைவரை அலமாரியில் இருந்தது. அன்று மத்தியானம் மருமகள் தூங்கினபிறகு மெழுகை உடைத்தேன். நுரை இல்லை, புளிப்பு வாடை இல்லை. எங்கள் மேட்டு மரத்து வருக்கையின் அதே வாசம். கரண்டி பக்கத்தில்தான் இருந்தது. குழாயைத் திறந்து வலது கையை நனைத்துக்கொண்டு, துடைக்காமல், இதுவும் பொங்கட்டும், போகாமல் இருக்கட்டும் என்று அப்படியே உள்ளே விட்டேன்.